நிமிர்த்திப் பிடித்த மட்டக்கம்பு

டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டமொன்றில், மேல் டிவிஷன் லயத்து வரிசை வீடுகளுக்குப் போய் ஜீவராணி வீடு எது என்று கேட்டால், "எந்த ஜீவராணி, படம் எடுக்கிற ஜீவராணியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த டிவிஷனில் வேறு ஜீவராணியே கிடையாது. இருந்தாலும் அப்படிக் கேட்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

கிழமை நாட்களில் அவள் கொழுந்து பறிக்கிறவள். சனி, ஞாயிறு வந்தால் கெமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சடங்கு வீடு, கல்யாண வீடு, பிறந்தநாள் வீடு என்று மலை ஏறி இறங்குவாள். வயது நாற்பத்து நாலு. வெளிநாட்டில், கட்டாரில் வேலை பார்த்த தம்பி, தான் புதுசு வாங்கியபோது பழசை அக்காவிடம் தள்ளிவிட்டுப் போனான். முதல் மாதம் முழுக்க அவள் படம் எடுத்தது வீட்டுச் சேவலைத்தான். சேவல் ஒரு இடத்தில் நிற்காதபடியால் சீக்கிரமே கை பழகிவிட்டது.

ஊரில் அவளை விரும்பிக் கூப்பிட்டதற்குக் காரணம் கை மட்டுமில்லை. யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மச்சானை எந்த மச்சான் பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியிலிருந்து வருகிற ஸ்டூடியோக்காரன் தெரியாமல் இரண்டு பகையாளிகளைத் தோளோடு தோள் நிறுத்திவிட்டு, ஏன் இருவரும் விறைப்பாக இருக்கிறார்கள் என்று தலையைச் சொறிவான். ஜீவராணிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பெரிய மனிதர்களைக்கூட அவள் ஒரு அதட்டலில் சிரிக்க வைத்துவிடுவாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டியைக் கவிழ்த்தது ஒரு மழைக்காலம்.

மலையில் ஆனி, ஆடி மாத மழை என்றால் சும்மா இல்லை. செருப்பில் பூஞ்சணம், பெல்ட்டில் பூஞ்சணம், நாலு நாள் விட்டால் ஆளுக்கே பூஞ்சணம் பிடித்துவிடும் போலிருக்கும். அதனால் ஈரம் படக்கூடாத எதுவானாலும் அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில் ஏற்றுவதுதான் லயத்து வழக்கம். உப்பு, தீப்பெட்டி, கருவாடு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அங்கேதான் குடித்தனம் செய்யும். ஜீவராணியும் கெமராவை ஒரு துணிப்பையில் சுற்றி, கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள். "கருவாடே கெட்டுப்போவல, கெமரா எங்க கெட்டுப்போவப் போவுது" என்று புருஷன் வீரய்யாவும் சபாஷ் போட்டான். கீழே மூன்று வேளையும் விறகு எரிந்தது. இரண்டு மாதம் கெமரா புகையில் குளிர் காய்ந்தது.

மழை விட்ட பிறகு வந்த முதல் வேலை, பொகவந்தலாவைப் பக்கம் சுதாகரனின் மகள் நிலக்ஷிக்குப் பூப்புச் சடங்கு. மண்டபத்துச் சுவர் வெள்ளை, வெளிச்சம் மந்தம். பொத்தானை அரை அழுத்து அழுத்தினால் கெமரா தானே தூரத்தைக் கண்டுபிடித்து 'பீப்' என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அது லென்ஸை முன்னே தள்ளியது, பின்னே இழுத்தது, மறுபடி முன்னே தள்ளியது, கடைசி வரை பீப் சொல்லவில்லை. ஜீவராணி வேறு வழியில்லாமல் கையாலேயே லென்ஸைத் திருகித் திருகி எடுத்தாள். பின்பக்கத்துச் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. அல்பம் அடித்து வந்தபோது பார்த்தால், சடங்கு முழுவதும் கொசுவுக்குக் கட்டுகிற நுளம்பு வலைக்குள் நடந்த மாதிரி இருந்தது.

சுதாகரன் கெட்ட மனிதன் இல்லை. ஆனாலும் பெற்ற பிள்ளையின் சடங்கு திரும்பி வருமா? பஸாரில், சலூன் கடை வாசலில், நாலு பேர் இருக்கும்போதே சொல்லிவிட்டான்.

"கொழுந்து எடுக்குற கைக்கு கொழுந்துதாங்க சரி. எங்க புள்ளையோட நாளு போச்சு."

ஜீவராணி திரும்பி நடந்தாள். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, டிக்கோயா வரும் வரைக்கும் அழுதாள். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் ஒரு டொபியை எடுத்துக் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அந்த டொபியைத் தின்னும்போது இன்னும் அழுகை வந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் இராசம்மா வந்தாள்.

இராசம்மா ஜீவராணிக்கு எட்டு வயது மூத்தவள். பதினெட்டு வருடமாகக் கொழுந்து எடுக்க இருவருக்கும் அடுத்தடுத்த தேயிலை நிரை. சேர்ந்து கொழுந்து எடுக்கிற அவர்கள் கூட்டத்தில் இருவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். இராசம்மாவின் மகள் நிஷாந்தி தகப்பனைச் சின்னதிலேயே பறிகொடுத்தவள். வேலை நேரத்தில் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் ஆயா பார்த்துக்கொண்ட நேரம் போக, மீதி நேரமெல்லாம் இந்தப் பன்னிரண்டு பேரின் இடுப்பிலும் முதுகிலும் வளர்ந்தவள். அவளுக்கு இப்போது உடப்புசல்லாவையில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நுவரெலியாவிலிருந்து ஸ்டூடியோ பேசிவிட்டார்கள். ஆகாயத்தில் பறந்து படம் எடுக்கிற யந்திரம்கூட வருகிறதாம். இராசம்மா அதற்கெல்லாம் சரி சொல்லிவிட்டு, ஒரே ஒரு படத்தை மட்டும் தன் பங்குக்குக் கேட்டு வாங்கியிருந்தாள். மகளும் கூட்டத்துப் பெண்களும் மலையில், தாங்கள் கொழுந்து எடுக்கிற இடத்திலேயே நின்று ஒரு படம். அதை ஜீவராணிதான் எடுக்க வேண்டும்.

ஜீவராணி கும்பிடாத குறையாக மறுத்தாள். ஸ்டூடியோக்காரர்கள் அதையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள், என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். இராசம்மா காது கொடுக்கவில்லை.

"நீ எடுக்கலன்னா அந்தப் படமே வேணாம்டி. எம்புட்டு மங்கலா வந்தாலும் நீதான் எடுக்குற."

மங்கலாக வந்தாலும் என்ற வார்த்தைதான் ஜீவராணியைக் குத்தியது. அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்தாள். இந்த ஒரு படமும் கெட்டால் கெமராவைத் தம்பிக்கே திருப்பி அனுப்பிவிட்டு, இனி யார் வீட்டு விசேஷத்துக்கும் சாப்பிட மட்டும் போவது. வீரய்யாவிடமும் அதைச் சொல்லி வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை கெமராவைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போனாள். ஸ்டேஷனுக்குப் போகிற படிக்கட்டுக்குப் பக்கத்தில் றோலண்டின் கடை. போன் திருத்துவது, கெமரா திருத்துவது, சும்மா வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருப்பது, மூன்றும் அவன் தொழில். லென்ஸைக் கழற்றி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனவன், இரண்டு தரம் மோந்து பார்த்தான்.

"அக்கா, இதுல ஏன் கருவாட்டு வாசம் வருது?"

ஜீவராணி உண்மையைச் சொன்னாள். றோலண்ட் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. பிறகு கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினான். உள்ளே மெல்லிய மஞ்சள் படலம் படிந்திருந்தது. அவள் வீட்டுச் சுவரிலும் அதே நிறம்தான்.

அவன் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஜீவராணி நெடுநாளாய் மனதில் இருந்ததைக் கேட்டாள். இந்தச் சாமான் எப்படித் தூரத்தை அளக்கிறது, ஏதாவது வெளிச்சம் கிளிச்சம் அனுப்பிப் பார்க்கிறதா? றோலண்டுக்கு இந்த மாதிரிக் கேள்வி கேட்கிற ஆள் வருடத்துக்கு ஒருவர்கூடக் கிடைப்பதில்லை. துடைக்கிற துணியைக் கீழே வைத்தான்.

கெமரா ஒன்றையும் அனுப்பாது, சும்மா பார்க்க மட்டும்தான் செய்யும் என்றான். பெருவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, தூரத்தில் தெரிகிற சிக்னல் கம்பத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னான். ஒரு கண்ணை மூடி மற்றதால் பார், பிறகு மாற்றிப் பார். ஜீவராணி பார்த்தாள். விரல் கம்பத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதித்தது. விரலைக் கிட்டே கொண்டுவந்தால் பெரிய குதி, கையை நீட்டினால் சின்னக் குதி. குதிக்கிற அளவை வைத்தே விரல் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம் இல்லையா, அதைத்தான் இதுவும் செய்கிறது என்றான் அவன். வெளியே பார்த்தால் கெமராவுக்கு ஒரு கண்தான். ஆனால் லென்ஸின் இடது ஓரத்தால் வருகிற வெளிச்சத்தையும் வலது ஓரத்தால் வருகிற வெளிச்சத்தையும் உள்ளே தனித்தனியாகப் பிடித்து இரண்டு சின்னப் படமாக்கி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும். இரண்டும் சரியாகப் பொருந்தினால் பீப். பொருந்தாமல் தள்ளித் தள்ளிக் கிடந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிக் கிடக்கிறதோ அதைக் கணக்குப் பண்ணி லென்ஸை நகர்த்தும்.

"அப்ப ஏன் தம்பி சடங்கு வீட்டுல அப்பிடித் தவிச்சுச்சு?"

றோலண்ட் கெமராவைத் தன் கடை வெள்ளைச் சுவருக்குத் திருப்பினான். லென்ஸ் முன்னே போனது, பின்னே போனது, தவித்தது. வெள்ளையையும் வெள்ளையையும் எப்படிப் பொருத்துவது, எங்கே வைத்தாலும் ஒரே மாதிரிதானே இருக்கும் என்றான். அதற்கு ஒரு ஓரம் வேண்டும், ஒரு கோடு வேண்டும். போதாக்குறைக்குப் புகைப் படலம் இருந்த கொஞ்சநஞ்சக் கோட்டையும் கரைத்துவிட்டது. பிறகு ஒரு பென்சிலை எடுத்துச் சுவரில் படுக்கையாக வைத்துப் பிடித்தான். அப்போதும் தவிப்புத்தான். அதே பென்சிலை நிமிர்த்தினான். பீப்.

இந்த மாடல் இடது வலதாக மட்டும்தான் ஒப்பிடும் என்று விளக்கினான். படுத்த கோட்டை இடமும் வலமும் எவ்வளவு இழுத்தாலும் அதே கோடாகத்தான் தெரியும், நிமிர்ந்த கோடு நகர்ந்தால்தான் இதற்கு விளங்கும். ஜீவராணி பென்சிலை வாங்கி, தானே நாலு தரம் படுக்க வைத்தும் நிமிர்த்தியும் பார்த்தாள். ஐந்தாம் தரம் பார்க்கும்போது றோலண்ட் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டான்.

லென்ஸ் முக்கால்வாசி சுத்தமாகியது. உள்ளே கால்வாசிப் புகை மிச்சம் இருக்கிறது, பனியில் மட்டும் பார்த்து எடுங்கள் அக்கா என்று எச்சரித்து அனுப்பினான். பனியில்லாத நாளை டிக்கோயாவில் எங்கே போய்த் தேடுவது என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கெமராவைக் காற்றுப் புகாத பிஸ்கட் டின்னில் போட்டாள். லயத்தில் யார் வீட்டில் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கினாலும், பெட்டிக்குள் இருக்கிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி வந்து அந்த டின்னில் சேர்த்தாள்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அவள் நிரையில் நின்றபடி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள், மற்றதை மூடிப் பார்ப்பாள். பக்கத்துக் கிளை குதித்தது, தூரத்து மரம் அசையவில்லை. இதில் அவளுக்கு அலுப்பே வரவில்லை. ஒரு நாள் கங்காணி யோகேஸ்வரன் எதிரே வந்து நின்று, யாருக்குக் கண்ணடிக்கிறாய் என்று கேட்டார். உங்களுக்கு இல்லை, நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று பார்க்கிறேன் என்றாள். அவர் இரண்டடி பின்வாங்கிப் போனார்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். தாலி கட்டி, பந்தி முடிந்து, எல்லாம் சிறப்பாகவே நடந்தது. ராகு காலம் நாலரைக்குப் பிறப்பதால் அதற்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் வேனில் ஏறிவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நாலு மணிக்கு இராசம்மா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்குக் கீழே இருந்த மலைக்கு இறங்கினாள். பின்னால் கூட்டத்துப் பெண்கள் வரிசையாக இறங்கினார்கள்.

அன்றைக்கென்று எல்லோரும் ஒரே மாதிரிச் சாரி எடுத்திருந்தார்கள். இளஞ்சந்தன நிறம், உடம்பெல்லாம் குறுக்குக் கோடு. நிஷாந்திக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்து, கூறைச் சேலையை மாற்றி அதை உடுத்த வைத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஜீவராணியும் அந்தச் சாரிதான் உடுத்தியிருந்தாள். எதிரே பத்துப் பன்னிரண்டடி தள்ளி அவர்களைத் தேயிலைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்திவிட்டு, கெமராவைக் கண்ணில் வைத்தபோதுதான் மேலேயிருந்து பனி இறங்கியது.

சும்மா ஒரு பனி இல்லை. நிமிடத்தில் கோயில் மறைந்தது, பாதை மறைந்தது, பெண்களின் தலைமுடிகூடச் சாம்பலாகிவிட்டது. முன்னால் தட்டையாக வெட்டிவிட்ட தேயிலை, அதற்கு மேலே குறுக்குக் கோட்டுச் சாரிகள். பொத்தானை அரை அழுத்து அழுத்தினாள். லென்ஸ் முன்னே போனது. பின்னே வந்தது. மறுபடி போனது.

மேலே வேன் ஹோர்ன் அடித்தார்கள். ஸ்டூடியோக்காரர்களில் மிலான் என்கிற ஒருவன், நல்ல பையன், பெரிய கெமராவோடு இறங்கி வந்து, நான் ஒன்று எடுத்துத் தரட்டுமா அக்கா என்று மரியாதையாகத்தான் கேட்டான். ஜீவராணி கெமராவைக் கண்ணிலிருந்து எடுத்தாள். சரி என்று சொல்லிவிட்டால் இராசம்மாவுக்குப் படம் கிடைக்கும், தனக்கு இதோடு எல்லாம் முடியும். சலூன் கடை வாசலில் கேட்ட வார்த்தை மறுபடி காதுக்குள் கேட்டது. பதில் சொன்னது இராசம்மாதான். கொஞ்சம் பொறுங்க தம்பி, எங்க ஆளு எடுக்கும் என்றாள்.

அந்த 'எங்க ஆளு' ஜீவராணியை நிதானப்படுத்தியது. ஒரு கோடு வேண்டும். நிமிர்ந்த ஒரு கோடு. மலையில் பென்சிலுக்கு எங்கே போவது?

"இராசம்மாக்கா, ஒங்க மட்டக்கம்பு எங்க?"

கொழுந்து எடுக்கிறவள் தேயிலையின் மேல் குறுக்கே போட்டு, அதற்கு மேலே நீண்டு நிற்கிறதை மட்டும் கிள்ளுகிற கம்பு அது. கடைசியாக வேலை விட்ட இடத்தில், செடிக்குள் செருகி வைத்துவிட்டு வருவது இராசம்மாவின் பழக்கம். வரிசையின் ஓரத்தில் நின்றவள் இரண்டடி நகர்ந்து கையை விட்டு இழுத்தாள். வருடக்கணக்காகக் கை பட்டுக் கறுத்துப் போன கம்பு, மழையில் நனைந்து இன்னும் கறுப்பாக இருந்தது. எடுத்த கையோடு அதைத் தேயிலைக்கு மேலே குறுக்காகப் படுக்க வைத்தாள். கூட்டம் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. பாவம், முப்பது வருடமாக அந்தக் கம்பு கைக்கு வந்தால் செய்கிற வேலை அது ஒன்றுதானே.

"படுக்க வைக்காதீங்கக்கா. நிமித்திப் புடிங்க. ஒங்க பக்கத்துலயே."

இராசம்மா நிமிர்த்திப் பிடித்தாள். ஜீவராணி கெமராவை வரிசையின் ஓரத்துக்கு, அந்தக் கம்புக்கு நேரே கொண்டுபோய்ப் பொத்தானைத் தொட்டாள். லென்ஸ் ஒரு தரம் அசைந்து நின்றது. பீப். விரலை எடுக்காமல் மெதுவாக நடுவுக்குத் திரும்பினாள். அதற்குள் பெண்கள், புள்ள முகம் தெரியட்டும் என்று நிஷாந்தியை இரண்டடி முன்னுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். அதை யோசிக்க ஜீவராணிக்கு நேரமில்லை. மூன்று தரம் அழுத்தினாள். நாலாம் தரம் அழுத்தும்போது பனிக்குள் யாருமே தெரியவில்லை. வேன் நாலு இருபத்தைந்துக்குப் புறப்பட்டது.

செவ்வாய்க்கிழமை ஹட்டனில் படம் பெரிதாக அடித்து வந்தது. ஜீவராணி கடை வாசலிலேயே உறையைப் பிரித்தாள். பின்னால் முழுக்க வெள்ளை. அதில் வரிசையில் நின்ற பதினொரு பெண்களும் பளிச்சென்று நின்றார்கள். ஓரத்தில் கம்போடு நின்ற இராசம்மாவுக்கோ, எண்ணெய் தேய்த்து வாரிய தலையின் நரையை எண்ணிவிடலாம், கண்ணோரச் சுருக்கத்தைத் தொட்டுப் பார்க்கலாம். முன்னால் இரண்டடி தள்ளி நின்ற நிஷாந்தி மட்டும் மெலிசாக மங்கியிருந்தாள். கம்பு நின்ற தூரத்தில் எல்லாமே தெளிவு. கல்யாணப் பெண் அந்தத் தூரத்தில் நிற்கவில்லை.

மறுநாள் பகல், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், எல்லோரும் சுற்றி நிற்கும்போது ஜீவராணி படத்தை இராசம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். புள்ள முகம் மங்கிப் போச்சு, தப்பு என்னுடையதுதான், இனிமேல் கெமராவைத் தொட மாட்டேன் என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்றவர்கள் அவரவர் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். இராசம்மா படத்தைக் கிட்டே கொண்டுபோய், மகளின் முகத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கும் மகளின் முகம்தான் வேண்டியிருந்தது என்பது பார்த்தாலே தெரிந்தது.

அப்போது இராசம்மாவின் போன் அடித்தது. உடப்புசல்லாவையிலிருந்து நிஷாந்தி; இராசம்மா ஸ்பீக்கரில் போட்டாள். ஹட்டனிலிருந்தே ஜீவராணி படத்தை நேற்று அவளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நாத்தனார் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இந்தப் படத்தில் பெண்ணே தெளிவில்லை, ஸ்டூடியோ படத்தைப் பெரிதாக அடித்து மாட்டுவோம் என்றாளாம். இராசம்மா தயங்கித் தயங்கி, ஆமாடி, ஒன் மொகம் மங்கித்தான் போச்சு, ஜீவா அழுவுறா என்றாள்.

"போனை ஜீவா சித்திக்கிட்ட குடும்மா," என்றது பிள்ளையின் குரல். "சித்தி, என் மூஞ்சிய நான் கண்ணாடியில பாத்துக்குவேன். இங்க கண்ணாடியில எங்கம்மா தெரிய மாட்டாங்க. அந்தப் படத்தையே பெருசா அடிச்சு அனுப்புங்க."

இராசம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மடுவத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஜீவராணி போனைக் காதில் வைத்தபடியே, எந்த அளவில் அடிக்க வேண்டும் என்று கேட்டாள்.